வெப் சேர்விஸைத் திறந்தாயிற்று, இனி அதை யார் பார்ப்பது?

கொழும்பில் கொஞ்சம் பெரிய கந்தோர் எதற்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும்: "ஏபிஐ குடுத்திட்டாங்கள், இனி கனெக்ட் பண்ணினால் சரி." கணக்குப் பிரிவில் சொல்வார்கள், விற்பனைப் பிரிவில் சொல்வார்கள், மென்பொருள் விற்க வந்தவரும் அதையே சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போவார். சில வாரம் கழித்து அதே ஆட்கள் "சேர்வர் டவுன்" என்று போன் எடுப்பார்கள். போய்ப் பார்த்தால் சேர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு முகவரி மாறியிருக்கும், ஒரு கடவுச்சொல் காலாவதியாகியிருக்கும், இல்லாவிட்டால் ஒரு சான்றிதழின் திகதி முடிந்திருக்கும். புரோகிராம் எழுதியவர் இவற்றில் எதையும் தொட்டிருக்க மாட்டார். எழுதி முடித்த பிறகு தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பல இடங்களில் அந்த வேலைக்கு ஆளே இல்லை.

அந்த வேலையைத்தான், அதாவது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வெப் சேர்விஸ்களைக் கட்டமைத்து நிர்வகிப்பதைத்தான், இங்கே விளக்கப் போகிறேன். ஐடி பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இப்படியான கூட்டங்களில் உட்கார வேண்டி வருகிறவர்களுக்கும் இது. புரோகிராமிங் தெரிந்திருக்கத் தேவையில்லை.

புறக்கோட்டையில் ஒரு கடை

நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சீனி, பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய். முன்பக்கம் கவுண்டர், பின்பக்கம் ஸ்டோர். வெள்ளவத்தையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் முதலாளி ஒரு சிட்டை எழுதித் தன் கடைப் பெடியனிடம் கொடுத்து அனுப்புகிறார். பெடியனை ஸ்டோருக்குள் விட மாட்டார்கள். எந்த மூட்டை எந்த மூலையில் அடுக்கியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியவும் வேண்டாம். கவுண்டரில் சிட்டையை நீட்டுவான், உள்ளேயிருந்து சரக்கு வரும், அல்லது "அது முடிஞ்சுது" என்று பதில் வரும்.

பார்க்கச் சின்ன விஷயம்தான், ஆனால் இது நாள்தோறும் சண்டையில்லாமல் நடக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே பல விஷயங்கள் பேசி வைத்திருக்க வேண்டும். எந்தக் கவுண்டருக்குப் போவது, சிட்டையில் கிலோக் கணக்கில் எழுதுவதா மூட்டைக் கணக்கிலா, வந்திருப்பவன் உண்மையிலேயே அந்த முதலாளியின் ஆள்தானா, அந்தக் கடைக்குக் கடன் கணக்கு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு வரை, பெடியன் எவ்வளவு நேரம் காத்து நிற்பான், கொடுத்த சரக்குக்குப் பில் புத்தகத்தில் பிரதி விழுகிறதா என்று அது நீண்டுகொண்டே போகும். ஸ்டோரில் ஆயிரம் மூட்டை இருந்தும் இதில் ஒன்று பிசகினால் பெடியன் வெறுங்கையோடு திரும்புவான்.

நிறுவனம் ஒன்றின் கணக்கு, கொள்வனவு, பொருள் இருப்பு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் பெரிய மென்பொருளை ஈஆர்பி என்பார்கள். நம் கதையில் ஸ்டோர் அதுதான். கவுண்டர் வெப் சேர்விஸ். முன்கூட்டியே பேசி வைக்கிற அத்தனையும் கட்டமைப்பு. அந்தப் பேச்சு இன்றைக்கும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது நிர்வாகம்.

சிட்டை எப்படிப் போகிறது

இப்போது உண்மையான பொறிமுறைக்கு வருவோம். ஒரு மென்பொருளிடம் எதை, எந்த வடிவில் கேட்கலாம் என்ற விதிகளின் தொகுப்புத்தான் ஏபிஐ. அந்த விதிகளின்படி இன்னொரு மென்பொருள் வலையமைப்பு வழியாக வந்து கேட்கலாம் என்று திறந்து வைத்தால் அது வெப் சேர்விஸ். மனிதர் வாசிக்கும் இணையப் பக்கத்துக்கும் இதற்கும் பாதை ஒன்றுதான், எச்டிடிபி என்ற அதே தொடர்பு முறை. ஒரு பக்கம் வேண்டுகோளை அனுப்பும், மறுபக்கம் பதில் அனுப்பும். இணையப் பக்கத்தில் அந்தப் பதில் படமும் எழுத்துமாகக் கண்ணுக்கு வரும், வெப் சேர்விஸில் இன்னொரு மென்பொருள் பிரித்து எடுத்துக்கொள்ளக்கூடிய தரவாக வரும். வேண்டுகோள் போய்ச் சேர வேண்டிய துல்லியமான முகவரிக்கு எண்ட்பொயின்ட் என்று பெயர்.

சிட்டையை எழுதுவதில் இரண்டு பாணிகள் பரவலாக உண்டு. ஒன்று சோப். எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில், உறை, தலைப்பு, உடல் என்று கண்டிப்பான அமைப்போடு செய்தி போகும். 2000 மே மாதம் அதன் 1.1 பதிப்பு, இணையத்துக்கான தர விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் சமர்ப்பிக்கப்பட்டது, 1.2 பதிப்பு 2003இல் அதிகாரபூர்வமான பரிந்துரையானது. மற்றது ரெஸ்ட். ராய் ஃபீல்டிங் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில் விவரித்த பாணி அது. இன்று பெரும்பாலும் ஜேசன் என்ற இலேசான எழுத்து வடிவத்தோடு சேர்ந்து வரும். "சோப் பழசு, ரெஸ்ட் புதுசு" என்று பலர் சொல்கிறார்கள், ஆண்டைப் பார்த்தால் இரண்டும் ஒரே வயது. பெரிய ஈஆர்பிகளிலும் வங்கிகளிலும் சோப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஆகவே அதைப் படிக்காமல் விடாதீர்கள்.

சோப் சேர்விஸ் ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்கலாம், என்ன திரும்பி வரும் என்று எழுதிய ஒப்பந்தக் கோப்பு ஒன்று இருக்கும், அதன் பெயர் டபிள்யூஎஸ்டிஎல். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2001 மார்ச்சில் வெளியான அதன் 1.1 விவரணத்தை எழுதியவர்கள் நான்கு பேர், அவர்களில் ஒருவர் அப்போது ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் இருந்த நம் நாட்டவர் சஞ்சீவ வீரவரண. பின்னர் 2005இல் தொடங்கப்பட்டு, கொழும்பிலிருந்து உலகத்துக்கு இணைப்பு மென்பொருள் செய்யும் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் நிறுவுநர்களில் அவரும் ஒருவர். ஆக இந்தத் துறை எங்கோ அமெரிக்காவில் நடக்கிற சங்கதி என்று நினைத்து ஒதுங்கத் தேவையில்லை, அதன் அடிப்படை ஆவணத்திலேயே இந்த மண்ணின் பெயர் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், வெப் சேர்விஸ் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் திறக்கும் கவுண்டர். எண்ட்பொயின்ட் அதன் முகவரி. சோப்பும் ரெஸ்டும் சிட்டை எழுதும் இரண்டு பாணிகள். எந்தப் பாணியை எடுத்தாலும் கீழே சொல்லப் போகிற நிர்வாக வேலைகள் குறையாது.

ஒப்பந்தம் வேறு, முகவரி வேறு

மிக அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புரோகிராமர் ஒரு சேர்விஸை எழுதும்போது "வாடிக்கையாளர் இலக்கத்தைக் கொடு, நிலுவைத் தொகையைத் தருகிறேன்" என்ற வரையறையை உருவாக்குகிறார். அது இன்னும் யாரும் வந்து நிற்கக்கூடிய கவுண்டர் ஆகவில்லை. எந்த முகவரியில், எந்தப் பாதுகாப்பு முறையோடு, எந்த வகை உள்நுழைவோடு அது திறக்கும் என்று நிர்வாகி தனியாகத் தீர்மானித்தால்தான் வெளியிலிருந்து கூப்பிட முடியும். எஸ்ஏபி என்ற பெயர்பெற்ற ஈஆர்பி முறைமையில் இது நன்றாகத் தெரியும். அங்கே எச்டிடிபி வழியாக வரும் சேர்விஸ்கள் எஸ்ஐசிஎஃப் என்ற திரையில் அடுக்கப்பட்டிருக்கும், நிறுவி முடித்த கையோடு பார்த்தால் பாதுகாப்புக்காக அவை முடக்கப்பட்ட நிலையில் இருக்கும், தேவையானதை மட்டும் நாம் இயக்க வேண்டும். சோப் சேர்விஸுக்கான எண்ட்பொயின்டை எஸ்ஓஏமேனேஜர் என்ற இன்னொரு திரையில் உருவாக்க வேண்டும். "சேர்விஸ் எழுதியாச்சு, ஆனால் முகவரி இல்லை" என்று யாராவது உங்களிடம் வந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாம் படி நடக்கவில்லை.

நிறுவனங்களில் ஒரே மென்பொருள் மூன்று பிரதிகளாக ஓடுவது வழக்கம்: உருவாக்க ஒன்று, சோதிக்க ஒன்று, உண்மையான வியாபாரத்துக்கு ஒன்று. புரோகிராம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும். முகவரியும் கடவுச்சொல்லும் சான்றிதழும் நகரக் கூடாது, ஒவ்வொரு இடத்துக்கும் அவை வேறு. டபிள்யூஎஸ்டிஎல் கோப்புக்குள்ளேயே எண்ட்பொயின்ட் முகவரியும் எழுதப்பட்டிருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சோதனை முறைமையிலிருந்து இறக்கிய கோப்பை அப்படியே வைத்து இணைப்பைச் செய்து, அதையே உண்மையான முறைமைக்குக் கொண்டுபோனால், நிஜ விலைப்பட்டியல்கள் (இன்வொய்ஸ்கள்) சத்தமில்லாமல் சோதனைக்குப் போய்ச் சேரும். பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் சோதனை முறைமை அவற்றைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். மாத முடிவில் கணக்கு ஒத்துப்போகாதபோதுதான் தெரியவரும். ஆகையால் உண்மையான முறைமைக்குப் போனதும் முதல் வேலையாக, வேண்டுகோள் எந்த முகவரிக்குப் புறப்படுகிறது என்று லொக்கில் கண்ணால் பாருங்கள். லொக் என்பது வந்த, போன ஒவ்வொன்றையும் மென்பொருள் தானாக எழுதி வைக்கும் குறிப்பேடு.

இன்னொன்று, கட்டமைப்பு இரண்டு பக்கமும் உண்டு. சேர்விஸை வழங்கும் முறைமையிலும் இருக்கிறது, அதைக் கூப்பிடும் முறைமையிலும் இருக்கிறது. நடுவில் ஃபயர்வோல் இருக்கும். எந்தக் கணினி எந்த வழியாக உள்ளே வரலாம் என்று பார்த்து, மற்றதைத் தடுக்கிற காவல் அது. பெரிய இடங்களில் கேட்வேயும் இருக்கும், அதாவது எல்லா வேண்டுகோளும் முதலில் வந்து சேரும் பொது வாசல். டபிள்யூஎஸ்ஓ2வின் ஏபிஐ மேனேஜர் என்ற கேட்வே மென்பொருளை நிறுவினால் நிர்வாகத் திரை 9443 என்ற வழியிலும், வெளியிலிருந்து வரும் பாதுகாப்பான வேண்டுகோள்கள் 8243 என்ற வழியிலும் வருவது அதன் இயல்பமைப்பு. வழி என்று நான் சொல்வது போர்ட், ஒரே கணினியில் எந்தச் சேவைக்கான வேண்டுகோள் என்று பிரித்துக் காட்டும் எண். ஃபயர்வோலில் 8243ஐ மட்டும் திறக்கச் சொல்வதற்குப் பதிலாக இரண்டையும் வெளியே திறந்துவிட்டால், நிர்வாகத் திரை இணையத்தில் எல்லோருக்கும் தெரியும். இப்படியான மென்பொருள்களோடு வரும் ஆரம்பக் கடவுச்சொற்கள் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும், அவற்றை மாற்றாமல் வைத்திருப்பது எந்த வகையிலும் மன்னிக்கக்கூடியது இல்லை.

யார் வந்தது, எதற்கு வந்தது

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். வந்திருப்பவர் யார் என்று உறுதிப்படுத்துவது அடையாளச் சரிபார்ப்பு. அவருக்கு எதைச் செய்ய அனுமதி என்று பார்ப்பது அதிகாரம். வெள்ளவத்தைப் பெடியனை நன்றாகத் தெரியும் என்பதற்காக அவனுக்கு முதலாளியின் கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டுவோமா?

எளிய முறை, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒவ்வொரு வேண்டுகோளோடும் போவது. அவை பார்க்கப் புரியாத எழுத்துகளாக மாறிப் போகும், ஆனால் அது வெறும் எழுத்து மாற்றம், பூட்டு இல்லை, யாரும் ஒரு நொடியில் பழையபடி வாசிக்கலாம். ஆகவே கீழே சொல்லும் எச்டிடிபிஎஸ் இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. அடுத்த முறை டோக்கன். ஒருமுறை அடையாளம் காட்டினால், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு நீண்ட குறியீடு கிடைக்கும், அதைக் காட்டி வேலையை முடிக்கலாம். 2012இல் வந்த ஓஆத் 2.0 இதற்கான பரவலான விதிமுறை. டோக்கன் பெரும்பாலும் ஒரு மணி நேரம் போலச் செல்லும், அந்த நேரம் முடிந்ததும் புதிதாக வாங்க வேண்டும். "காலையில் வேலை செய்தது, மத்தியானம் நின்றுபோச்சு" என்று ஒரு முறைப்பாடு வந்தால் அங்கே புதுப்பிக்கும் பகுதி சரியாக எழுதப்படவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இங்கே நான் பிடிவாதமாக நிற்கும் ஒரு விஷயம் உண்டு. இணைப்புக்கு ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். அவசரத்துக்கு "இப்போதைக்கு என் கணக்கைப் போடுங்கோ, பிறகு மாத்தலாம்" என்பார்கள். பிறகு யாரும் மாற்றுவதில்லை. அவருடைய கடவுச்சொல் காலாவதியானால் இணைப்பு நிற்கும். அவர் வேறு வேலைக்குப் போனால், மனிதவளப் பிரிவு விதிப்படி அவருடைய கணக்கை முடக்கினால், அன்றைக்கே விலைப்பட்டியல் போவது நின்றுவிடும், காரணம் தேடுகிறவர்களுக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. அதைவிடப் பெரிய கேடு, அவர் முகாமையாளராக இருந்தால் அவருக்கு இருக்கும் எல்லா அதிகாரமும் அந்த இணைப்புக்கும் இருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிப் பயனர், அந்த வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டும், திரையில் உள்நுழைய முடியாதபடி. நிலுவையைப் பார்க்க வந்தவர் நிலுவையைப் பார்க்கட்டும், அதைத் திருத்த அவருக்கு வழி இருக்க வேண்டாம்.

இதுவரை பார்த்தது: வரையறையை எழுதுவது புரோகிராமர், முகவரியும் பாதுகாப்பும் கொடுத்துத் திறப்பது நிர்வாகி. சோதனையின் கட்டமைப்பு உண்மைக்குப் போகக் கூடாது. ஆள் யார் என்பதையும் அவருக்கு என்ன அனுமதி என்பதையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்.

"பிரவுசரில் திறக்குது, சிஸ்டத்தில மட்டும் வருதில்லை"

எச்டிடிபிக்கு மேல் பூட்டுப் போட்டது எச்டிடிபிஎஸ். அந்தப் பூட்டின் பெயர் டிஎல்எஸ். நடுவழியில் யாரும் வாசிக்காமல் தரவை மறைப்பது அதன் ஒரு வேலை, எதிரில் இருப்பது உண்மையிலேயே அந்தச் சேர்வர்தான் என்று நிரூபிப்பது இன்னொரு வேலை. நிரூபிக்கச் சான்றிதழ் வேண்டும். அதை ஒரு சான்றளிக்கும் நிறுவனம் கையெழுத்திட்டுக் கொடுக்கும், அந்த நிறுவனத்துக்கு அதற்கு மேலுள்ள ஒன்று கையெழுத்திட்டிருக்கும், இப்படி ஒரு சங்கிலியாகப் போய் வேரில் முடியும்.

இனி, பிரவுசரில் திறப்பது ஈஆர்பியில் ஏன் திறப்பதில்லை? எந்த வேர்களை நம்பலாம் என்ற பட்டியலை பிரவுசர் ஒருவிதமாக வைத்திருக்கிறது, ஈஆர்பி தனக்கென்று வேறொரு பட்டியலை வைத்திருக்கிறது. எஸ்ஏபியில் எஸ்டிரஸ்ட் என்ற திரையில் அது இருக்கும், ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிய மென்பொருள்கள் ஜாவாவின் சொந்தக் கோப்பைப் பார்க்கும். பிரவுசரின் பட்டியல் அடிக்கடி தானாகப் புதுப்பிக்கப்படும், ஈஆர்பியின் பட்டியலை யாராவது கை வைத்துப் புதுப்பித்தால்தான் உண்டு. அதோடு, சேர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பிவிட்டு நடுவிலுள்ள கண்ணியை அனுப்பாமல் விட்டால், பல பிரவுசர்கள் விடுபட்ட கண்ணியைத் தாங்களே தேடி எடுத்துச் சமாளித்துவிடும். ஜாவா இயல்பாக அப்படிச் செய்யாது, மறுத்துவிடும். ஆகவே பிரவுசரில் திறந்து பார்ப்பது ஒரு சோதனையே ஆகாது. கூப்பிடப் போகும் கணினியிலிருந்து, கூப்பிடப் போகும் மென்பொருளைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

சான்றிதழுக்கு ஆயுள் உண்டு, அந்த ஆயுள் இப்போது வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறது. 2020 செப்டெம்பரில் பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 398 நாளாகக் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் சான்றளிப்பு நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் இதைப் படிப்படியாகக் குறைக்க வாக்களித்தது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருடத்துக்கு ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வைத்துக் கையால் மாற்றும் பழக்கம் இனிச் சரிவராது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை இப்போதே தொடங்க வேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே தயாரித்துப் பயன்படுத்தும் உட்சான்றிதழ்களை இந்த விதி கட்டாது, ஆனால் அவையும் ஒருநாள் முடியும்.

பழைய முறைமை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. அவற்றை மட்டும் பேசத் தெரிந்த ஈஆர்பியால் இன்றைய பல சேர்வர்களோடு கதைக்க முடியாது, அங்கே சான்றிதழை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோசனமில்லை.

எவ்வளவு நேரம் காத்திருப்பது

பெடியன் கவுண்டரில் சிட்டையைக் கொடுத்துவிட்டு நிற்கிறான். நேரமாகிறது, பதில் இல்லை, அவன் திரும்பிப் போய்விடுகிறான். முதலாளி அதே சிட்டையை இன்னொருவனிடம் கொடுத்து அனுப்புகிறார். இதற்கிடையில் முதல் சிட்டைக்கு உள்ளே மூட்டை கட்டி முடித்து, நாட்டாமை வண்டியில் ஏற்றி அனுப்பியும் விட்டார்கள். இப்போது சரக்கு இரண்டு முறை போகிறது.

வெப் சேர்விஸில் இது அப்படியே நடக்கும். கூப்பிடும் பக்கம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்ற எல்லைக்கு டைம்அவுட் என்று பெயர். கூப்பிடும் மென்பொருளுக்கு ஒரு டைம்அவுட், கேட்வேக்கு ஒன்று, நடுவில் என்ஜின்எக்ஸ் போன்ற இடைச்சேர்வர் இருந்தால் அதற்கு ஒன்று (அதன் இயல்பமைப்பு 60 வினாடி). இவற்றில் எது குறைவோ அது முதலில் அறுத்துவிடும். அறுந்தது தொடர்பு மட்டும்தான், ஈஆர்பி உள்ளே தன் வேலையைத் தொடர்ந்து முடித்து விலைப்பட்டியலைப் பதிந்துவிடும். கூப்பிட்டவருக்கு அது தெரியாது, "தோல்வி" என்று நினைத்து மறுபடி அனுப்புவார், விலைப்பட்டியல் இரட்டிக்கும்.

டைம்அவுட்டை நீட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. முதலில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் கூப்பிடும் பக்கமே ஒரு தனி இலக்கம் கொடுத்து அனுப்ப வேண்டும், வழங்கும் பக்கம் அந்த இலக்கத்தை ஏற்கெனவே கண்டிருந்தால் மறுபடி பதியாமல் பழைய பதிலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே விளைவுதான். அதற்கும் அப்பால் வேலை உண்மையிலேயே நீண்டதென்றால், ஆயிரக்கணக்கான சம்பளப் பதிவுகள் போவதென்று வைத்துக்கொள்வோம், காத்திருக்கவே வேண்டாம். "பெற்றுக்கொண்டேன்" என்ற பதிலை உடனே கொடுத்துவிட்டு, வரிசையில் போட்டு ஆறுதலாகச் செய்து, முடிந்ததும் அறிவிக்கும்படி அமைக்கலாம்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது கடிகாரத்தையும் சொல்ல வேண்டும். சோப்பின் பாதுகாப்பு விதிகளில் செய்தி எழுதிய நேரமும் கூடவே போகும், பழைய செய்தியைத் திருடி மறுபடி அனுப்புவதைத் தடுக்கத்தான் அது. பல மென்பொருள்களில் ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்டதை ஏற்க மாட்டார்கள். ஆக ஒரு சேர்வரின் கடிகாரம் ஆறு நிமிடம் பின்தங்கினால், கடவுச்சொல் சரியாக இருந்தும் "பாதுகாப்புப் பிழை" என்று வரும். அப்புறம் நேர வலயம். உலகப் பொது நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். முதலாம் திகதி அதிகாலை 3 மணிக்குக் கொழும்பில் பதிந்த விலைப்பட்டியல் பொது நேரப்படி முந்தின மாதத்தின் கடைசி நாள் இரவு 9.30. வலயத்தைக் குறிப்பிடாமல் நேரத்தை அனுப்பினால் வற் கணக்கில் அது பிழையான மாதத்தில் விழும். நேரத்தோடு +05:30 என்பதையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். நம் நாட்டு நேரமே 1996இல் இரண்டு முறை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது, ஆகவே அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் பழைய தரவை இடம் மாற்றுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறும்போது

தமிழ் அல்லது சிங்களப் பெயர் ஒன்று அனுப்பினால் மறுபக்கம் வெறும் கேள்விக்குறிகள் வருகின்றனவா? இரண்டு பக்கமும் எழுத்தைச் சேமிக்கும் முறை ஒன்றாக இல்லை. யூடிஎஃப்-8 என்று இரண்டு பக்கமும், நடுவிலுள்ள தரவுத்தளத்திலும் சேர்த்து, அமைக்க வேண்டும். இதில் ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு பொறி உண்டு: அந்த முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (கணினி சேமிப்பை அளக்கும் அலகு), தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறிதான். "வெள்ளவத்தை" என்ற ஒரு சொல்லுக்கே 30 பைட் போகும். முகவரிக்கு 40 பைட் என்று ஒதுக்கியிருந்தால் பதின்மூன்று குறிகளோடு சரி, மிச்சம் வெட்டுப்படும். சோதனைத் தரவில் ஒரு நீளமான தமிழ் முகவரியையும் ஒரு நீளமான சிங்கள முகவரியையும் கட்டாயம் வையுங்கள்.

சுருக்கம்: சான்றிதழைக் கூப்பிடும் கணினியிலிருந்தே சோதிக்க வேண்டும், அதன் ஆயுள் குறைந்துகொண்டு வருகிறது. டைம்அவுட் வந்தால் உள்ளே வேலை நடக்கவில்லை என்று பொருள் இல்லை. நேரத்துக்கு வலயமும் எழுத்துக்கு யூடிஎஃப்-8உம் இரண்டு பக்கமும் பேசி வைக்க வேண்டியவை.

பிழை எண்ணை வாசியுங்கள்

"வேலை செய்யுதில்லை" என்பது தகவல் இல்லை. எச்டிடிபி ஒவ்வொரு பதிலோடும் ஓர் எண்ணை அனுப்புகிறது, அதை வாசித்தால் பாதித் தேடல் மிச்சம். 401 என்றால் நீங்கள் யாரென்று அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை: கடவுச்சொல், டோக்கன். 403 என்றால் யாரென்று தெரிகிறது, அனுமதி இல்லை: அதிகாரத்தைப் பாருங்கள், கடவுச்சொல்லை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். 404 முகவரிப் பிழை, அல்லது சேர்விஸ் இன்னும் இயக்கப்படவில்லை (எஸ்ஏபியில் முடக்கிய சேர்விஸுக்கு 403 வரும்). 429 அளவுக்கு மேல் அடிக்கடி கேட்கிறீர்கள். 502, 504 இரண்டும் நடுவிலுள்ள வாசல் சொல்வது: பின்னால் இருப்பவரிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை, அல்லது நேரத்துக்குள் வரவே இல்லை. 500 உள்ளே ஏதோ உடைந்தது, ஆனால் சோப்பில் "அந்த வாடிக்கையாளர் இலக்கம் இல்லை" என்பது போன்ற சாதாரண மறுப்பும் 500ஆகத்தான் வரக்கூடும், ஆகவே எண்ணோடு நிற்காமல் உடலிலுள்ள செய்தியையும் படிக்க வேண்டும். எண்ணே வரவில்லையா? அப்போது வேண்டுகோள் போய்ச் சேரவே இல்லை, அல்லது பாதியில் அறுந்துவிட்டது: சேர்வரின் பெயர், ஃபயர்வோல், டிஎல்எஸ் என்ற வரிசையில் பாருங்கள்.

இதற்கெல்லாம் லொக் வேண்டும். வேண்டுகோளின் இலக்கம், நேரம், யார், எந்த எண்ட்பொயின்ட், என்ன எண் திரும்பியது, எவ்வளவு நேரம் எடுத்தது, இவ்வளவும் போதும். அவசரத்தில் சிலர் முழுச் செய்தியையும் லொக்கில் கொட்டி வைப்பார்கள், அடையாள அட்டை இலக்கம், சம்பளம், தொலைபேசி எல்லாம் அதற்குள் கிடக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, லொக்கில் கிடப்பதும் தனிப்பட்ட தரவுதான். சிக்கலைத் தேடுவதற்காகத் திறந்த விரிவான லொக்கை வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

பதிவேடும், மூடும் நாளும்

நிர்வாகத்தில் எல்லாவற்றையும்விடக் கவனிப்பாரற்றுக் கிடப்பது பதிவேடு. எந்தெந்தச் சேர்விஸ் திறந்திருக்கிறது, யார் கூப்பிடுகிறார்கள், எந்தப் பயனர், சான்றிதழ் என்றைக்கு முடியும், மறுபக்கத்தில் யாரோடு பேசுவது என்று ஒரு எக்செல் தாளில் இருந்தாலும் போதும். அது இல்லாத இடத்தில் ஒரு ஆள் விலகிப் போனால் அவரோடு சேர்ந்து அறிவும் போய்விடுகிறது.

பதிவேடு இருந்தால்தான் பழையதை மூடவும் முடியும். பயன்படாத சேர்விஸ் திறந்தே கிடப்பது ஆபத்து, ஆனால் அவசரப்பட்டு அழிப்பதும் ஆபத்து. மூன்று மாத லொக்கைப் பார்த்து யாரும் வரவில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். சில இணைப்புகள் ஏப்ரல் புத்தாண்டு போனஸுக்கு மட்டும் எழும்பும், சில மார்ச் 31இல் வரி ஆண்டு முடிந்த பிறகு ஒருமுறை மட்டும் ஓடும். ஒரு முழு ஆண்டின் லொக்கைப் பாருங்கள், மறுபக்கத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், முதலில் முடக்கி மட்டும் வையுங்கள். யாராவது கூப்பிட்டால் லொக்கில் தெரியும், திரும்ப இயக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். ஒருவரும் வரவில்லை என்று உறுதியான பிறகு எண்ட்பொயின்டை அழித்து, அதற்கென்று வைத்திருந்த பயனரையும் சான்றிதழையும் நீக்கி, ஃபயர்வோலில் திறந்த வழியையும் அடைக்கச் சொல்லுங்கள். ஃபயர்வோல் பெரும்பாலும் வேறொரு பிரிவின் கையில் இருப்பதால் அதுதான் அடிக்கடி விடுபடும், அதனால் சேர்விஸைத் திறக்கும் அன்றைக்கே அந்த வழியின் எண்ணையும் பதிவேட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.